டி.வி. சத்தத்தில்

ரொம்ப நாள் சும்மா கிடந்த டி.வி.யை எடுத்த எடுப்பில் பிளக்கில் சொருகிவிடக் கூடாது, மேடம். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். பரணிலிருந்து இறக்குவார்கள், பழைய வேட்டியால் ஒரு துடை துடைப்பார்கள், சுவிட்சைத் தட்டுவார்கள். உள்ளே பட்டென்று ஒரு சத்தம் கேட்கும், புகை வரும். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கைத் தேடுவார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அத்தான் லிங்கராஜ் ஷாக் அடித்துச் செத்திருப்பார் என்று நினைத்து உங்கள் போலீஸ்காரர்கள் அந்த டி.வி.யைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டுங்கள். மெயின் வயர் புதுசு. கரண்டுக்கும் டி.வி.க்கும் நடுவில் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தேன். சேசிஸில், அதாவது உள்ளே இருக்கிற தகரத் தட்டில், டெஸ்டர் வைத்துப் பாருங்கள், எரியாது. அவர் சாவுக்கும் அந்த டி.வி.க்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற சம்பந்தம் இல்லை.

என் பெயர் வன்னியபெருமாள். சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். அப்பா கருப்பட்டி யாவாரத்துக்காகத் தூத்துக்குடி வந்தார், நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். படிப்பு ஏறவில்லை என்று என்னை நல்லக்கண்ணு அண்ணாச்சியின் ரேடியோ, டி.வி. ரிப்பேர்க் கடையில் விட்டார்கள். பிறகு அந்தக் கடையே எனக்கு வந்தது. இப்போது டி.வி. ரிப்பேர் என்று யாரும் வருவதில்லை. கடையை வாரத்தில் பாதி நாள் திறப்பதில்லை. மனைவி தவறிவிட்டாள். மகன் திருப்பூரில் இருக்கிறான்.

எனக்கு ஒரே அக்கா. முத்துக்கனி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அதை மறைக்கச் சொன்னவர்கள் பலர். அம்மா மறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கே போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். தீப் பக்கமும் தண்ணிப் பக்கமும் அவளைத் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அதற்கு லிங்கராஜ் அத்தான், "எனக்குத் தெரியும் அத்தை. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இது நடந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பாத்துக்கிடுதேன் என்றார். அந்தச் சொல்லை நீங்களும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தார். முத்தையாபுரத்தைத் தாண்டி, உப்பளத்தைப் பார்த்த மாதிரி ஒரு வீடு. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து ஒரு டி.வி. வாங்கினார். மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர், நாலு கால். உள்ளே முழுக்க வால்வு. கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும், டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் அதுதான். நம்ம ஊரில் அப்போது மெட்ராஸ் டி.வி. எடுக்காது. ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தால் சிலோன் டி.வி. எடுக்கும். தமிழ்ப் படம் போடுகிற அன்று அக்கா வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். அக்கா எல்லோருக்கும் முன்னால், பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளி உட்காருவாள். "ஏளா, கண்ணு அவிஞ்சி போகும், தள்ளி உக்காரு" என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா அடுப்படிக்குப் பின்னால் இருந்த தண்ணித் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். இடுப்பளவுத் தொட்டி. தண்ணீர் கோரப் போனவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. தலைகுப்புற விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நான் அன்று தருவைகுளத்தில் ஒரு வீட்டுக்கு ஆன்டெனா நட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். அங்கேயே மீன்குழம்பும் சோறும் போட்டார்கள். சேக்காளிகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வந்தேன். நான் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, உள்ளே அம்மா அத்தானின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள மூச்சு முட்டிச் சாகையில நீரு எங்கவே இருந்தீரு?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுலதான் அத்தை இருந்தேன். டி.வி. பாத்துக்கிட்டு இருந்தேன். டி.வி. சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

அம்மா அந்த வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. "படம் பாத்தானாம், படம்" என்று சோறு பிசையும்போது சொல்வாள், கோலம் போடும்போது சொல்வாள், கடைசியில் ஆஸ்பத்திரியில் கண் மூடும்போதும் அதைத்தான் சொன்னாள். அக்காவின் திதிக்கு வருஷா வருஷம் அத்தான் வந்து எங்கள் வாசலில் நிற்பார். யாரும் உள்ளே வா என்று சொல்ல மாட்டோம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். அவர் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல மனுஷன் என்று ஊர் சொன்னது. குற்றம் செய்தவனுக்கு இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே வந்தார். பந்தலுக்கு வெளியே நின்று வாழைமரம் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதையும் நான் மறக்கவில்லை.

நான் கோபக்காரன் இல்லை. என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கடையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருப்பேன். அப்படி இருக்கும்போது அந்த வாக்கியம் வரும். டி.வி. சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. அதை நான் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர இந்த வாழ்க்கையில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

அதற்கு வழி தானாக அமைந்தது. ஆயுசு பூராவும் பீடி குடித்ததில் அத்தானுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. திடீர் திடீரென்று மூச்சு இளைக்கும். நெபுலைசர் மெஷினில் மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டிவிட வேண்டும். அவருக்குக் கை நடுக்கம், மருந்துக் குப்பியைத் திறக்க முடியாது. கூட ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகுட்டி இல்லாதவர். நான் என் பெட்டியோடு போய் அந்த வீட்டில் தங்கினேன்.

கதவைத் திறந்தவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, "வந்துட்டியாடே வன்னி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி, உங்களிடம் புகார் சொன்ன அதே அம்மாள்தான், எங்கள் இரண்டு பேருக்கும் சோறு பொங்கிக் கொடுப்பாள். "அக்கா போயி இத்தன வருசம் கழிச்சும் அத்தானப் பாக்க வந்திருக்கீங்களே அண்ணாச்சி, மச்சினன்னா இப்படில்லா இருக்கணும்" என்று தெரு பூராவும் சொன்னாள்.

பின்கட்டு அறையில் சாக்கு மூடிய ஒரு பெட்டி இருந்தது. சாக்கை விலக்கியபோது ஷட்டர் தெரிந்தது. அத்தான் அதைத் தூக்கிப் போடவில்லை, விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்போதுதான் எல்லாம் துலங்கிற்று. கூடத்தில் புது எல்.இ.டி. டி.வி. ஒன்று இருந்தது. அதன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தால் அது வெறும் கொலை. இந்தப் பெட்டி பேச வேண்டும். இதன் சத்தத்தில்தான் எனக்கு ஒன்றும் கேட்காமல் போக வேண்டும்.

அதனால்தான் அவ்வளவு பொறுமையாக வேலை பார்த்தேன். பாதி வழியில் புகைந்துபோனால் இன்னொன்று கிடைக்காது.

பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே குளவிக்கூடும் பல்லி எலும்பும் இருந்தன. உப்புக்காற்று சேசிஸில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெயிலில் வைத்தால் மரம் பிளந்துவிடும். நிழலில் வைத்து, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டு ஈரத்தை வாங்கினேன். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினேன். பிக்சர் டியூபில் பழைய கரண்ட் தங்கியிருக்காது என்று தெரியும், இருந்தாலும் முறைப்படி ஒரு வயரால் டியூபைச் சேசிஸோடு தொடவைத்து அதை இறக்கிவிட்டேன். ரப்பர் வயர் தொட்டாலே உதிர்ந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன்.

ஒவ்வொரு வால்வாக எடுத்து ஸ்பிரிட்டில் கால்களைத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் வால்வு இல்லை. சாக்கெட் மட்டும் இருந்தது. அதன் வாயில் ஒரு துண்டுப் பனையோலை மடித்துச் செருகியிருந்தது.

இதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன். ஒரு வால்வைச் சோதிக்கக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், அது திரும்ப வரும்வரை சாக்கெட்டில் உப்புக்காற்று இறங்காமல் எதையாவது வைத்து அடைப்போம். மற்றவர்கள் காகிதம் வைப்பார்கள். காகிதம் இந்த ஊரில் ஈரத்தை இழுக்கும். நான் பனையோலையை நாலாக மடித்து, முனையைக் கிள்ளிவிட்டு வைப்பேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு யாரும் செய்து நான் பார்த்ததும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாதிரி டி.வி.யில் வால்வுகளுக்குச் சூடு கொடுக்கிற கம்பி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கோயில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் பல்பு மாதிரிதான். ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணையும். படம் வராது. சத்தமும் வராது.

நான் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா செத்த பிறகு யாராவது வால்வைக் கழற்றியிருக்கலாம் என்று நினைத்தேன். ஓலையை எலி இழுத்து வந்திருக்கும். எலி நாலாக மடிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்ப் பழைய வால்வு போட்டுவைக்கிற பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். அதே நம்பர் வால்வு ஒன்று இருந்தது. கண்ணாடியின் மேல் சிவப்பாக ஒரு நகப்பாலிஷ் பொட்டு. எப்போது டின்னுக்குள் வந்தது என்று நினைவில்லை. அந்தக் காலத்தில் நான் எத்தனையோ வீட்டு வால்வுகளைக் கழற்றியிருக்கிறேன். கொண்டுவந்து மாட்டினேன். பொருந்தியது.

பிறகுதான் கரண்ட். வீட்டு கரண்டை நேராகக் கொடுக்காமல், வேரியாக் என்று ஒரு பெட்டி உண்டு, அதன் குமிழைத் திருகித் திருகி ஏற்றலாம், அதன் வழியாகக் கொடுத்தேன். நடுவில் ஒரு குண்டு பல்பையும் சேர்த்துவிட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டி.வி. தப்பிக்கும். கரண்டைத் தேக்கிவைக்கிற கண்டென்சர்கள் இத்தனை வருஷம் தூங்கியவை. முழு கரண்டைக் காட்டினால் வெடிக்கும். முதல் நாள் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் மேலே ஏற்றலாம்.

அதே நாட்களில் அத்தானின் மூச்சையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்ட உடனே மெஷினைக் கொண்டுபோகாமல் கொஞ்சம் தாமதித்துப் போனேன். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். உதடு எப்போது நீலம் பூக்கிறது, எவ்வளவுக்கு மேல் தாங்க மாட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டேன். பின்கட்டில் வேலையாக இருந்துவிட்டேன் என்பேன். முகமூடிக்குள்ளிருந்து, "அதுக்கென்னடே, நீ வேலையப் பாரு" என்று கையை அசைப்பார்.

அவருக்கு அந்த டி.வி. மேல் என்னைவிட ஆசை.

"என்னல, பொட்டிக்கு உசுரு வந்துட்டா?"

"வரும் அத்தான். மெதுவாத்தான் வரணும்."

"எனக்குப் போறதுக்கு முன்ன அதுக்கு வந்துரணும்டே."

சந்தனமாரி சோற்றுச் சட்டியை வைத்துக்கொண்டே சிரிப்பாள். "ரெண்டு கெழவனும் சேந்து அந்தப் பொட்டிய வச்சி என்ன சினிமா எடுக்கப் போறீங்க? அங்கன புது டி.வி. கெடக்கு, அதப் பாக்க ஆள் இல்ல."

"ஒனக்கும் ஒரு வேசம் இருக்கு, பேசாம போளா" என்பார் அத்தான்.

எல்லாம் சரியான பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். இப்போது வானத்தில் அந்தப் பெட்டிக்கு எடுக்கிற மாதிரி எதுவும் வருவதில்லை. கேபிள் பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே, கேபிளை ஆன்டெனா சிக்னல் மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஒரு மாடுலேட்டர் வைத்துக் கூடத்தில் நிறுத்தினேன். வெயில் தாழ்ந்த நேரம். அத்தான் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும் என்று தாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். வால்வு டி.வி. உடனே வராது. உள்ளே ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கனிந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு படம், ஓரங்களில் கொஞ்சம் வளைந்து. ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அது எனக்கு வேண்டியதாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு இது மட்டும் இப்படி ஓடியிருந்தா," என்றார், "நான் ஏண்டே அவள விட்டுட்டுக் கடைக்கு வாரேன்?"

"எந்தக் கடைக்கு?"

"ஒங் கடைக்குத்தாம்ல. நீதான வால்வக் கழட்டிட்டுப் போன. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாங்க அத்தான், தாரேன்ன. அன்னைக்குப் படம் போடுதாம்னு அவ ஒத்தக்கால்ல நிக்கா. போயி வாங்கிட்டு வாங்க, நான் கட்டில விட்டு எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுதா. நான் வந்தா கடை பூட்டிக் கெடக்கு. இப்ப வந்துருவான், இப்ப வந்துருவான்னு படியிலயே உக்காந்திருந்தேன். இருட்டிப்போச்சி. திரும்பி வந்து பாக்கேன்..."

அவருக்கு மூச்சு இளைத்தது. நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"டி.வி. பாத்துக்கிட்டு இருந்தேன்னு."

"வேற என்னத்தல சொல்ல? ஒன்னத் தேடிவந்து காத்துக்கெடந்தேன்னு சொன்னா அத்தை ஒன்ன உசுரோட விடுவாளா? நீ சின்னப் பய. மீச அப்பதான் மொளைக்கி. வாசல்ல சைக்கிளப் பிடிச்சிக்கிட்டு நீ நின்ன கோலத்தப் பாத்தேன். சொல்ல வாய் வரல. எப்படியும் பாத்துக்கிடுதேன்னு வாக்குக் குடுத்தவன் நாந்தான. பழி எங்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு அவர் சிரித்தார். "ஒனக்குத் தெரியும்லா? வால்வு ஒங்கிட்டதான இருந்துச்சி. அவ செவப்புப் பொட்டு வச்சிக் குடுத்தாளே, எங்க வால்வ மாத்திப்புடாதல, நீ கடைக்காரப் பயன்னு. நீ பொட்டியத் தூக்கிட்டு இங்கன வந்து நின்னப்ப, எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கான், என் மச்சினன் நன்னி மறக்கலன்னு நெனச்சேன்."

நான் குனிந்து படத்தின் வளைவைச் சரிசெய்யப் பார்த்தேன்.

"இனிமே எதுக்கு மறைக்கணும்? அத்தையும் போயாச்சி. நாளைக்கி சந்தனமாரி வந்தா இந்தக் கதையச் சொல்லணும்டே. படம் பாத்துப் பொண்டாட்டியச் சாகவிட்டவன்னு தெருவுல இன்னும் நாலு பேரு நெனச்சிக்கிட்டுத்தான இருக்கான்."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அழுததில் மூச்சு நன்றாக ஏறிக்கொண்டது. அவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். தலைமாட்டில் இருந்த மெஷினை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். வாசல் கதவைத் தாழ் போட்டேன். டி.வி.யில் சத்தம் வைக்கிற குமிழை முடிகிற வரைக்கும் திருகினேன். பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தேன்.

நாளைக்கு அவர் சந்தனமாரியிடம் சொல்லிவிடுவார் என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை. அதை நீங்கள் அப்படி எழுதிவிடக் கூடாது. முடிவு எப்போதோ எடுத்தது. எல்லாம் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு மனிதர் ஏதோ சொல்கிறார் என்பதற்காக இத்தனை வருஷத்து வேலையை நிறுத்திவிட முடியுமா? அவர் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா என்னை விறகுக்கட்டையால் அடித்திருப்பாள். நான் அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். நான் ஒரு சாதாரண மனிதனாக இருந்திருப்பேன். அதை எனக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டவர் அவர். என் அக்காவின் சாவில் எனக்கு உரிய பங்கை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

கதவைத் தட்டியது சந்தனமாரிதான். நான் உடனே திறக்கவில்லை. திறந்தபோது அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"டி.வி. சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். வெளியே வந்தபோது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவரு கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சே அண்ணாச்சி. பக்கத்து வீட்டுல, அடுப்படியில இருக்கேன், எனக்கே கேட்டுச்சே."

அவள் சொன்னது சரிதான். அந்த ஸ்பீக்கரின் காகிதம் இற்றுப்போயிருந்தது. முழுக்கத் திருகினாலும் பெரிய சத்தம் வராது. புதுசாக இருந்தபோதும் அது அப்படியொன்றும் சத்தம் போடுகிற பெட்டி இல்லை. கூடத்தில் அது ஓடும்போது தொட்டியில் ஒரு வாளி விழுந்தால்கூடக் கேட்கும். மெக்கானிக்குக்கு இது தெரியாதா?

ஆகையால் கேட்டது, மேடம். எழுதிக்கொள்ளுங்கள். அவர் கூப்பிட்ட முதல் சத்தமே எனக்குக் கேட்டது. மெஷின் என் மடியில் இருந்தது. "ஏலே வன்னி" என்றார். பிறகு "மாப்ளே" என்றார். கட்டிலின் சட்டத்தைக் கையால் தட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவே நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கட்டத்தில் மருந்துக் குப்பியின் மூடியைக்கூடத் திருகிவிட்டேன். ஒருவேளை அவர் சொன்னதுதான் நடந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "முத்து, முத்து" என்று அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. மூடியைத் திரும்ப இறுக்கினேன். மனசில் குற்றம் இல்லாத ஒரு மனிதன், உயிர் போகிற நேரத்தில், எதற்காக அவளைக் கூப்பிட வேண்டும்?